பதினாறு அடி வாசலும் இரண்டு ஸ்பிரிங்கும்

இந்த ஊருக்கு வந்து பதினெட்டு மாதம் ஆகியும் எனக்கு இன்னும் பழகாத சங்கதி ஒன்று உண்டு. இங்கே வீட்டின் பெரிய கதவு மனிதர்களுக்கானது இல்லை, காருக்கானது. மனிதர்கள் வந்துபோக ஓரத்தில் மூன்றடி அகலத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதைத் தபால்காரரும் எதையாவது விற்க வருகிறவர்களும்தான் தட்டுவார்கள். வீட்டுக்காரர் சாயங்காலம் காரோடு வருவார், கார் நிறுத்தும் கொட்டகையின் அகலக் கதவைத் தூக்குவார், காரை உள்ளே விடுவார், கதவை இறக்குவார், உள்வழியாக நேரே சமையலறைக்குப் போய்விடுவார். தெருவில் ஈ காக்கைகூட அவர் முகத்தைப் பார்த்திருக்காது. அந்தக் கொட்டகைக்குக் கராஜ் என்று பெயர். கொட்டகை என்றதும் நம் ஊர் மாட்டுக் கொட்டகையை நினைத்துவிடாதீர்கள். முசரவாக்கத்தில் நாங்கள் ஆறு பேர் படுத்து எழுந்த வீட்டைவிட என் கராஜ் பெரியது.

நான் ஒஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில், தண்ணீர்ப் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். சொந்த ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கம். பயிர் வைக்கிற குடும்பம். இங்கே வாடகைக்கு எடுத்த வீட்டின் கராஜ் கதவு பதினாறு அடி அகலம், ஏழடி உயரம், முழுக்க மரம். படுக்கைவாட்டில் நாலு பட்டையாகப் பிரித்துக் கீல் போட்டு இணைத்திருப்பார்கள். கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்தால் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்திலும் உருண்டு போய்க் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். முதல் நாள் நான் அதை ஒரே விரலால் தூக்கினேன். அமெரிக்காவில் மரம்கூட எடை இல்லாமல் வளர்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் எஞ்சினியர் என்பதை இந்த இடத்தில் மட்டும் வாசகர்கள் தயவுசெய்து மறந்துவிட வேண்டும்.

அந்த ஒரு விரல் கதவைத்தான் என் குடும்ப வாழ்க்கையே நம்பிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் மாமனாரைச் சொல்ல வேண்டும். பெயர் கோதண்டம். காஞ்சிபுரத்தில் மரவாடி வைத்திருக்கிறார். தேக்கும் வேங்கையும் வாங்கி அறுத்து, வாசக்காலுக்கும் கதவுக்கும் விற்கிறவர். ஊரே புடவையைப் பார்த்து மனிதரை எடைபோட்டால், இவர் வாசக்காலைப் பார்த்து எடைபோடுவார். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது என் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பாவைப் பார்த்து, "உங்க ஊட்டு வாசக்கால் இன்னா மரம்?" என்றார். வேம்பு என்றார் அப்பா. மாமனார் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பரவால்ல, வேம்ப பூச்சி அரிக்காது" என்று சொல்லிவிட்டுத் தட்டை மாற்றச் சொன்னார். நான் எஞ்சினியர் என்பது அவருக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சாகும்போதுதான் தெரிந்தது என்று இன்றைக்கும் சந்தேகம்.

கல்யாணமாகி ஆறாம் மாதம் எனக்கு இந்த வேலை கிடைத்தது. என் மனைவி வசந்தா அப்போது மூன்று மாதம். குழந்தை பிறக்கட்டும், விசா வரட்டும், பிறகு அனுப்புகிறோம் என்று பேச்சு. குழந்தை பிறந்தாள், தேன்மொழி என்று பெயர் வைத்தோம். விசாவும் வந்தது. மாமனார்தான் வழிக்கு வரவில்லை. அமெரிக்காவில் பலகையை நிறுத்தி அதன்மேல் அட்டையை அடித்து வீடு கட்டுகிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவர் காதில் போட்டுவிட்டார். அது உண்மை என்பதுதான் என் கஷ்டம். கடிதத்துக்குக் கடிதம் அவரிடமிருந்து ஒரே கேள்வி வந்தது: வீட்டு வாசல் எத்தனை அடி? மூன்றடி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்றடி வாசல் கோழிக்கூண்டுக்குத்தான் பொருத்தம் என்பார் அவர். இரண்டு நாள் யோசித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'நம் வீட்டின் பெரிய கதவு பதினாறு அடி அகலம். முழுக்க மரம்.' ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அது காருக்கான கதவு என்று நான் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வசந்தா கடிதத்தில் எழுதியிருந்தாள். மாமனார் என் கடிதத்தை மரவாடியில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், ஆளை எதிரே நிற்க வைத்துப் பதினாறு அடி அளந்து, இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் பார்த்தாராம். மரம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம், "எம் மாப்ள ஊட்டு வாசல்ல ரெண்டு மாட்டு வண்டி எதிரும் புதிருமா போவலாம்பா" என்று சொன்னாராம். மறுநாளே விமான டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். "எம் பொண்ணு அந்தப் பதினாறு அடி வாசல்லதான் வலது கால் வெச்சி உள்ள போவணும். கொழந்தையத் தூக்கிக்கினு போவணும். மாப்ளைக்கு எழுதிடு." வசந்தாவும் ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதியிருந்தாள். படித்துவிட்டுச் சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தேன். அடுத்த நிமிடம் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வந்து இறங்கி, எண்ணெய்க் கறையும் புல் வெட்டும் எந்திரமுமாகக் கிடக்கிற கார்க் கொட்டகையைப் பார்த்து அவள் என்ன நினைப்பாள்? பதினாறு மாதம் கழித்து வருகிறவளுக்கு நான் காட்டும் முதல் பொருள் என் பித்தலாட்டமா?

அவள் வருவது அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு. கிளீவ்லாந்து விமான நிலையம் என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். அன்று காலை ஒன்பது மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கராஜிலிருந்து தீபாவளி அணுகுண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வீடு அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கார் இருந்தபடி இருக்கிறது, கதவு மூடியபடி இருக்கிறது, தீயில்லை, புகையில்லை. அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கதவின் இரண்டு பக்கத்திலும் தண்டவாளத்தை ஒட்டி ஆளுயர ஸ்பிரிங் ஒவ்வொன்று உண்டு. இடது பக்கத்து ஸ்பிரிங் அறுந்து, செத்த சாரைப்பாம்பு மாதிரி தொங்கியது. சரி, ஏதோ ஒரு கம்பி போயிற்று, கதவுக்கு என்ன என்று வழக்கம்போல ஒரு விரலைக் கொடுத்தேன். அசையவில்லை. ஒரு கையைக் கொடுத்தேன். இரண்டு கையைக் கொடுத்தேன். குனிந்து தோளைக் கொடுத்தேன். இடது பக்கம் பூமியோடு பேசிக்கொண்டே கிடந்தது. பதினாறு மாதமாக அந்தக் கதவைத் தூக்கியது நான் இல்லை, அந்த இரண்டு ஸ்பிரிங்குகள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அப்பா என்னைச் சொன்னபோதெல்லாம் கோபப்பட்டிருக்கிறேன். இனிமேல் மாட்டேன்.

டெலிபோன் புத்தகத்தில் தேடிக் கராஜ் கதவு ரிப்பேர்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அரை மணியில் வேனில் வந்தார். வால்டர் என்று பெயர், நாற்பது வயது இருக்கும், ஓயாமல் சூயிங்கம் மெல்லுகிற வாய். அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும், சனிக்கிழமை வேலை, மொத்தம் நாற்பத்தெட்டு டாலர் என்றார். இங்கே வந்த நம்மவர்கள் எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு. டாலர் என்று காதில் விழுந்த மறு நொடியே மனசு அதை ரூபாயாக்கிவிடும். டாலர் ஏழரை ரூபாய், ஆக முந்நூற்று அறுபது ரூபாய்! வசந்தாவின் அரக்கு நிற முகூர்த்தப் புடவை, நல்ல ஜரிகை போட்டது, அதுவே முந்நூற்று நாற்பதுதான். இரண்டு சுருள் கம்பிக்குக் கூறைப் புடவையைவிட இருபது ரூபாய் கூடுதலா என்று எனக்குள் இருந்த காஞ்சிபுரத்துக்காரன் முழித்துக்கொண்டான். அறுந்தது ஒன்றுதானே, ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இருபது டாலர் தருகிறேன் என்றேன். இரண்டும் சேர்ந்து உழைத்துத் தேய்ந்தவை, ஒன்றை மட்டும் மாற்ற மாட்டேன் என்றார் வால்டர். எந்தக் கடைக்காரர்தான் இப்படி ஒரு காரணம் சொல்ல மாட்டார்?

இனி நான் செய்த காரியத்துக்கு என் அம்மாதான் பொறுப்பு. அந்த முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் கடைத்தெருவுக்கு அம்மாவோடு போயிருந்தேன். கடைக்காரர் நானூற்றைம்பது என்றார். அம்மா புடவையை மடித்து அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். படி இறங்கும்போது என் காதோடு, "மெதுவா நட. திரும்பிப் பாக்காத. பாத்தியோ, போச்சு" என்றார். நாலு எட்டு வைப்பதற்குள், "இன்னாம்மா, கோச்சிக்கினு போறீங்க, உள்ள வாங்கம்மா, இது உங்க கடை" என்று குரல் வந்தது. அம்மா திரும்பிப் போனார். இப்படி மூன்று முறை இறங்கி மூன்று முறை ஏறினார். மூன்றாம் முறை கடைக்காரரே தெருமுனை வரைக்கும் ஓடி வந்தார். கடைசியில் முந்நூற்று நாற்பதுக்குக் கட்டிக்கொடுத்து, குடிக்கக் கோலி சோடாவும் கொடுத்தார். இரண்டு தரப்புக்கும் மனசு நிறைந்த வியாபாரம். யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை.

நானும் அதைத்தான் செய்தேன். "வேண்டாம், ரொம்ப அதிகம்" என்று சொல்லிவிட்டு வால்டருக்கு முதுகைக் காட்டி வீட்டை நோக்கி நடந்தேன். மெதுவாக. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்று எட்டு. நாலாவது எட்டில் குரல் வராததால் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்போது குரல் வந்தது. "சரி, உங்கள் நாள் நல்ல நாளாகட்டும்" என்றார் வால்டர், கொஞ்சமும் கோபமில்லாமல். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் கேட்டது. நான் அம்மாவின் விதியை மீறித் திரும்பிப் பார்த்தபோது வேன் தெருமுனையில் வளைந்துகொண்டிருந்தது. ஒரு கால் ஷூ நாடா அவிழ்ந்தபடியே, "மிஸ்டர் வால்டர்! மிஸ்டர் வால்டர்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். கடைக்காரர் ஓடி வர வேண்டிய இடத்தில் வாங்குகிறவன் ஓடிய கதையை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

வேனைப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்கத் திரும்பியபோது அடுத்த வீட்டு ஹெலன் அம்மாள் தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பதினாறு மாதத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் கையசைத்தது உண்டு, பேசியதில்லை. தெருவில் மற்றவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இங்கே கூப்பிடாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நானும் நாகரிகம் என்று நினைத்து அப்படியே இருந்துவிட்டேன். அன்று நாகரிகம் எல்லாம் ஓடிப்போயிற்று. வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனைவி இன்று வருகிறாள். என் குழந்தைக்குப் பத்து மாதம், நான் இதுவரை பார்த்ததில்லை. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒன்றரை மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஹெலன் அம்மாள் வாருகோலைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவுக்கு நடந்து போய், வகுப்பறைக் குரலில் ஒரு சத்தம் போட்டார். இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் ஆண்கள் வந்தார்கள். முடி வெட்டுகிறவர் ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர், பெயின்ட் கறையோடு ஒருவர், என்று ஐந்து பேர். என்னோடு ஆறு.

கதவின் அடியில் ஆளுக்கு ஓர் இடமாகப் பிடித்துத் தூக்கினோம். வலது பக்கம் பூப்போல மேலே வந்தது. இடது பக்கம் வரவில்லை. கதவு கோணிக்கொண்டு தண்டவாளத்தில் இறுகிவிட்டது. இறக்கி மறுபடி தூக்கினோம், மறுபடி கோணியது. வால்டர் சொன்ன காரணம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. என் அப்பா ஒரு நாளும் கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்ட மாட்டார். ஜோடியில் ஒன்று போனால் இன்னொன்றையும் சந்தையில் விற்றுவிட்டுப் புது ஜோடியாகத்தான் பிடித்து வருவார். இல்லாவிட்டால் ஏர் ஒரு பக்கமாக இழுக்கும். பதினைந்து வயதுவரை அந்த ஏர் பின்னால் நடந்தவன், ஒற்றை ஸ்பிரிங்குக்கு இருபது டாலர் பேரம் பேசியிருக்கிறேன்.

கூடவே இன்னொரு காலையும் நினைவுக்கு வந்தது. எங்கள் கல்யாணமான புதிதில் மாமனார் செவிலிமேட்டில் புது வீடு கட்டினார். வாசக்கால் நிறுத்துகிற முகூர்த்தம், காலை ஆறு முதல் ஏழரைக்குள். ஒரே தேக்கில் இழைத்த வாசக்கால், மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நிறுத்த வேண்டிய பள்ளத்தில் நவதானியமும் துளித் தங்கமும் போட்டு எல்லாம் தயார். புது மாப்பிள்ளை, அதிலும் எஞ்சினியர், சும்மா இருக்கலாமா? ஒரு கயிறும் கப்பியும் கொண்டுவந்து, எட்டு ஆள் தூக்குவதை நான் ஒருவனே தூக்கிக் காட்டுகிறேன் என்றேன். கயிறு நழுவியது. வாசக்கால் சாரத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டது. மணி ஏழே கால். பெண்கள் பக்கம் கசமுசவென்று பேச்சு. மாமனார் என் கிட்டே வந்து, ரொம்ப மரியாதையாக, "இஞ்சினீரு மாப்ள, படிப்ப அந்தாண்ட வெச்சிட்டுத் தோளக் குடுங்க" என்றார். கொடுத்தேன். எட்டுப் பேர் தோளுக்கும் சேர்த்துக் கொத்தனார் ஒரு குரல் எடுத்தார், "கோவிந்தா!" என்று. வாசக்கால் எழுந்து நின்றது. கூட்டத்தில் வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

ஒஹையோவிலும் படிப்பை அந்தாண்ட வைத்தேன். என்னையும் சேர்த்து இடது பக்கம் நாலு பேர், வலது பக்கம் இரண்டு பேர் என்று நிறுத்தினேன். நான் ஒரு சொல் சொல்வேன், சொன்னதும் எல்லாரும் சேர்ந்து தூக்க வேண்டும் என்றேன். என்ன சொல் என்று கேட்டார்கள். சொன்னேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டார். பிறகு அந்தத் தெருவில் அதற்கு முன் கேட்காத சத்தம் கேட்டது. "கோவிந்தா!" என்றேன். "கோவிண்டா!" என்று ஐந்து கனத்த குரல்கள் எழுந்தன. கதவு எழுந்தது. பெயின்ட் கறைக்காரர் இரண்டு பக்கமும் கட்டையை முட்டுக் கொடுத்தார். காரை வெளியே எடுத்தேன். கைதட்டல். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஹெலன் அம்மாள் கேட்டார். பாரம் தூக்குகிறவர்களுக்குத் துணை வருகிற சாமி என்றேன். நல்ல சாமி, எங்களுக்கும் வேண்டியிருக்கிறது என்றார்.

கதவை இறக்கியதும் ஹெலன் அம்மாளே என் டெலிபோனை எடுத்து வால்டரின் வீட்டைக் கூப்பிட்டார். வால்டருக்கு நாலாம் வகுப்பு எடுத்தவர் அவர்தானாம். இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள், நாற்பத்தெட்டு டாலர், இன்றைக்கே என்றேன். "நீங்கள் வேண்டாம் என்றீர்களே" என்றார் வால்டர் உண்மையான குழப்பத்தோடு. "எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் இன்னும் பேசலாம் என்று அர்த்தம்" என்றேன். டெலிபோனில் ஒரு பெரிய சிரிப்பு. "எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்றார். கையில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் வருவதாகச் சொன்னார். வருவாரா என்ற சந்தேகத்தோடுதான் நான் காரைக் கிளப்பினேன்.

விமான நிலையத்தில் கசங்கிய புடவையும் களைத்த முகமுமாக வசந்தா வந்தாள். இடுப்பில் குழந்தை. பதினாறு மாதமாக ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்துபோய், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தேன்மொழியைத் தூக்கக் கையை நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விமான நிலையமே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டாள். பத்து மாதக் குழந்தைக்கு நான் யாரோ ஓர் ஆள். தெரிந்ததுதான், ஆனாலும் வலித்தது. வழி முழுக்க அவள் தாயின் தோளுக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். நான் எனக்குள் இரண்டு கவலைகளை மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டிருந்தேன். வால்டர் வந்திருப்பாரா? வந்திருந்தாலும், அது கார்க் கதவு என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். வெயில் இன்னும் இருந்தது. வாசலில் வால்டரின் வேன் நின்றது. அவர் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். ஹெலன் அம்மாளும் காலையில் தோள் கொடுத்த ஐந்து பேரும், அவர்கள் வீட்டுப் பெண்களும், ஏதோ திருவிழா பார்க்க வந்தவர்கள் போல நின்றிருந்தார்கள். வசந்தா குழந்தையோடு இறங்கினாள். மூடியிருந்த அந்தப் பெரிய கதவை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை நிதானமாகப் பார்த்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வசந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தக் கதவு..."

"காரு உடற கதவு. தெரியும்."

"தெரியுமா?"

"டாக்டரம்மா கிளினிக்குல இங்கிலீஷ் புஸ்தகத்துல படம் பாத்தேன். இதே மாதிரி கதவு, பின்னால காரு நிக்கிது. உங்க லெட்டர் வந்த நாலாம் நாளே தெரியும்."

"மாமாகிட்ட சொல்லலையா?"

"சொன்னா அனுப்புவாரா? பதினாறு அடின்ன பொறவுதான் டிக்கெட்டுக்கே சொன்னாரு. நீங்க எழுதாம உட்டீங்க, நான் சொல்லாம உட்டேன். எனக்கு இங்க வந்து சேரணும்ங்க, அவ்ளோதான். வாசல் மூணு அடியா இருந்தா இன்னா, முப்பது அடியா இருந்தா இன்னா?"

நான் பயந்து மறைத்ததை அவள் விரும்பி மறைத்திருக்கிறாள். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் என்னை அதிக நேரம் அப்படி நிற்க விடவில்லை. "அப்பாக்கு வாக்குக் குடுத்துட்டு வந்துக்கிறேன். இதுலதான் போவணும். தொறங்க" என்றாள். நீயே திற, ஒரு விரல் போதும் என்றேன். அவள் நம்பவில்லை. குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, ஒரு விரலைக் கைப்பிடியில் கொடுத்து இழுத்தாள். பதினாறு அடிக் கதவு சத்தமில்லாமல், ஒரு பக்கமும் சாயாமல், எழுந்து மேலே போய்ப் படுத்துக்கொண்டது. வசந்தா தன் விரலைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தாள். "கோவிண்டா!" என்றார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தேன்மொழி அண்ணாந்து பார்த்தாள், கதவு போன இடத்தைத் தேடினாள், கலகலவென்று சிரித்தாள்.

நான் கதவை இறக்கினேன். குழந்தையின் முகம் வாடியது. தூக்கினேன். மறுபடி சிரிப்பு. இறக்கினேன், தூக்கினேன். ஐந்தாவது முறை, கைப்பிடியைத் தானே பிடிக்க வேண்டும் என்று என் பக்கம் தாவி என் கைக்கு வந்துவிட்டாள். என் மகள் முதல் முறையாக என் கையில். ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு, இத்தனை முறை திறந்தால் தேய்ந்துவிடும் என்று வால்டர் எச்சரித்தார். தேயட்டும் என்றேன். சட்டைப் பையில் வைத்திருந்த நாற்பத்தெட்டு டாலரை எடுத்துக் கொடுத்தேன். ரூபாயாக்கிப் பார்க்கவே தோன்றவில்லை. வசந்தா புடவையைச் சரிசெய்துகொண்டு, எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, எண்ணெய்க் கறையைத் தாண்டி வலது காலை எடுத்து வைத்தாள். தெருவே கைதட்டியது. எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டால் சந்தோஷமாக இருந்தது, தட்டினோம் என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் விழித்தபோது அவளைப் படுக்கையில் காணவில்லை. கராஜ் கதவைத் தூக்கிவிட்டு அரிசி மாவோடு குனிந்திருந்தாள். சின்னக் கதவுக்கு முன்னால் போடேன் என்றேன். "அப்பா கேட்டா இன்னா சொல்றது? தலவாசல் இதுதான்" என்றாள். காரை நான் தெருவில் நிறுத்த வேண்டியதாயிற்று. அகலத்துக்கு ஏற்ற மாதிரி பெரிய கோலம், கராஜின் சிமெண்டுத் தரையில் தொடங்கி வாசலைத் தாண்டி வெளியே வரைக்கும் போயிற்று. கதவை இறக்கியபோதுதான் பார்த்தோம். கதவு கோலத்தின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது, பாதி உள்ளே, பாதி வெளியே. மத்தியானம் பெய்த மழையில் வெளிப்பாதி கரைந்துபோனது. அடுத்த நாள் வெளிப்பாதியை மட்டும் போட்டாள், உள்ளே நின்ற கோடுகளிலிருந்து பிடித்து. அதுவே வழக்கமாகிவிட்டது. மாமனாருக்கு அவள் எழுதிய கடிதத்தில், 'வாசல் பதினாறு அடிதாம்பா, கோலம் போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகுது' என்று இருந்தது. அவர் அதையும் மரவாடியில் சத்தமாகப் படித்திருப்பார்.

இப்போது டிசம்பர். வெளியே முழங்கால் அளவு பனி. வெள்ளைப் பனியில் வெள்ளை மாவைப் போட்டால் தெரியவில்லை. வசந்தா இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மாவில் மஞ்சள் தூளைக் கலந்தாள். காலையில் அவள் ஒரு விரலால் கதவைத் தூக்கும்போது, கம்பளிக்குள் சுற்றிய தேன்மொழியோடு நானும் போய் நிற்கிறேன். உள்ளே சிமெண்டில் பாதிக் கோலம் வெள்ளையாக இருக்கிறது, அதிலிருந்து பிடித்த பாதி வெளியே பனியில் மஞ்சளாகப் போகிறது. கதவு மேலே இருக்கிற நேரம் மட்டும் இரண்டும் ஒரே கோலம்.